விண்ணுக்கு விடுத்த தொகைநூல்: வொயேஜர் இசைத்தட்டு பற்றிய ஒரு விமர்சன நோக்கு

1

தொகைநூலொன்றை ஆராயப் புகும் தமிழ் மரபு முதலில் இரண்டு பெயர்களைத் தேடும். ஒன்று தொகுத்தோன் பெயர். மற்றையது தொகுப்பித்தோன் பெயர். ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார் என்றும், தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்றும் குறிப்பு உண்டு. புறநானூற்றுக்கோ இவ்விரு பெயர்களும் கிடைத்தில. இப்பெயர்களை அறிய விழைவது வெறும் வரலாற்று ஆர்வத்தின் பாற்பட்டதன்று. பாடல்களைப் பாடியோர் பலராயினும், எவை நிலைக்க வேண்டும், எவை ஒதுக்கப்பட வேண்டும் எனத் தீர்மானித்தோர் சிலரே. ஒரு தொகையின் உண்மையான ஆசிரியன் அத்தெரிவிலேயே மறைந்து நிற்கின்றான்.

1977ஆம் ஆண்டு ஓகஸ்ட் 20ஆம் திகதி வொயேஜர் இரண்டு என்னும் விண்கலமும், செப்டெம்பர் 5ஆம் திகதி வொயேஜர் ஒன்றும் ஐக்கிய அமெரிக்காவிலிருந்து ஏவப்பட்டன. வியாழன், சனி முதலிய கிரகங்களை அணுகி ஆராய்வதே அவற்றின் பணி. அப்பணி முடிந்ததும் அவை சூரிய மண்டலத்தை விட்டு நீங்கும் என்பது முன்னரே அறியப்பட்டிருந்தமையால், பொன்முலாம் பூசிய செப்பு இசைத்தட்டு ஒன்று ஒவ்வொரு கலத்திலும் பொருத்தப்பட்டது. 12 அங்குல விட்டமுடைய அத்தட்டில் 55 மொழிகளில் வாழ்த்துரைகள், இயற்கையினதும் மனித வாழ்வினதும் ஒலிகள், ஏறத்தாழ 90 நிமிட நேரம் ஒலிக்கும் 27 இசை உருப்படிகள், 115 படங்கள் என்பன பதிவாகியுள்ளன.

இதனைத் தொழில்நுட்பச் சாதனையாகப் போற்றுவோர் உளர். போத்தலில் அடைத்துக் கடலில் விட்ட கடிதத்துக்கு ஒப்பிடுவோரும் உளர். எனினும் அது அடிப்படையில் ஒரு தொகைநூலே. ஆதலால் தொகைநூலுக்குரிய வினாக்களை அதன்பாலும் எழுப்புதல் பொருத்தமாகும். தொகுத்தோர் யார்? தொகுப்பித்தோர் யார்? எவை சேர்க்கப்பட்டன? எவை விலக்கப்பட்டன? விலக்கப்பட்டவை உண்மையிலேயே விலகினவா?

2

பூமிக்கு அப்பால் உயிர் உண்டா என்பது பழைய வினா. அதனைப் பரிசோதனைக்குரிய வினாவாக மாற்றியது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியாகும். ஐதரசன் அணு வெளிவிடும் 21 சென்ரிமீற்றர் அலைநீளத்தில் பிற உலகங்களிலிருந்து வரும் வானொலிச் சமிக்ஞைகளைத் தேடலாம் என 1959இல் கொக்கோனி, மொரிசன் ஆகிய பௌதிகவியலாளர் இருவர் ‘நேச்சர்’ சஞ்சிகையில் முன்மொழிந்தனர். அடுத்த ஆண்டே பிராங் ட்ரேக் என்ற வானியலாளர், மேற்கு வேர்ஜீனியாவின் கிறீன் பாங்க் வானொலித் தொலைகாட்டியைச் சூரியனை ஒத்த இரு நட்சத்திரங்களை நோக்கித் திருப்பினார். அன்றிலிருந்து இன்றுவரை ஐயமற்ற சமிக்ஞை எதுவும் கிடைக்கவில்லை. 1976இல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்கள் அங்குள்ள மண்ணைப் பரிசோதித்த போதும் உயிருக்கான தெளிவான சான்று அகப்படவில்லை. 1995இல் சூரியனை ஒத்த வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றும் கிரகம் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. இன்று அத்தகைய புறக்கிரகங்கள் ஐயாயிரத்துக்கு மேல் அறியப்பட்டுள்ளன. உயிர் மட்டும் பூமிக்கு வெளியே இன்னும் காணப்படவில்லை.

இத்தேடலில் கேட்டல், சொல்லல் என இரு முறைகள் உள. கேட்பவன் தன்னைப் பற்றி எதுவும் கூறவேண்டியதில்லை. கருவியைச் சீர்செய்துவிட்டுக் காத்திருந்தால் போதும். சொல்லப் புகுபவன் நிலை வேறு. தான் யார் என்ற வினாவுக்கு அவன் விடை எழுதியாக வேண்டும். 1972இல் பயனியர் பத்து கலத்தில் பொருத்தப்பட்ட தகட்டில் ஆடையற்ற ஆணும் பெண்ணும் வரையப்பட்டிருந்தனர். 1974இல் அரெசிபோ தொலைகாட்டியிலிருந்து 1679 குறிகளாலான செய்தியொன்று விடுக்கப்பட்டது. இவற்றைத் தொடர்ந்து வந்த வொயேஜர் இசைத்தட்டிலேதான் விடை ஒரு நூலளவுக்கு விரிந்தது. விஞ்ஞானம் இலக்கியத்தின் எல்லைக்குள் காலடி வைத்த இடம் இதுவே.

3

இத்தொகையின் தொகுத்தோர் பெயர்கள் தெளிவாகத் தெரிகின்றன. கோர்ணெல் பல்கலைக்கழக வானியலாளர் கார்ல் சாகன் குழுவின் தலைவர். பிராங் ட்ரேக், ஆன் ட்ருயன், ரிமதி பெரிஸ், ஜோன் லொம்பர்க், லிண்டா சால்ஸ்மன் சாகன் ஆகியோர் உடனுழைத்தோர். நாட்டார் இசை பற்றி அலன் லோமக்ஸ் ஆலோசனை வழங்கினார். ஓராண்டுக்கும் குறைவான காலத்துள் பணி முடிந்தது. 1978இல் தமது அனுபவங்களை அவர்கள் நூலாகவும் வெளியிட்டனர். தமது தெரிவுகளுக்கான காரணங்களைத் தாமே எழுதிவைத்த தொகுப்பாசிரியர் அரியர். அந்நேர்மை பாராட்டற்பாலது.

தொகுப்பித்தோர் அமெரிக்க அரசின் விண்வெளி நிறுவனமாகிய நாசாவினர். அவர்களது கையும் தட்டிலே தெரிகின்றது. அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டரின் செய்தி உண்டு. ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் கூர்ட் வால்தைமின் குரல் உண்டு. விண்வெளித் திட்டத்துடன் தொடர்புடைய அமெரிக்கப் பாராளுமன்றக் குழு உறுப்பினரின் பெயர்ப்பட்டியலும் உண்டு. புரவலன் பெயரைத் தொகையில் பொறிக்கும் வழக்கம் சேரமன்னரோடு முடிந்துவிடவில்லை என்பது இதனாற் புலப்படும்.

இத்தொகையின் வாசகர் யாவர் என்ற வினாவுக்கும் இங்கேயே விடை கிடைக்கின்றது. வொயேஜர் ஒன்று ஏறத்தாழ 40,000 ஆண்டுகளின் பின்னரே வேறொரு நட்சத்திரத்தை அண்மிக்கும். அப்பொழுதும் இடையே 1.6 ஒளியாண்டு தூரம் இருக்கும். அதனை ஒருவர் கண்டெடுப்பார் என்பது மிக மெல்லிய நம்பிக்கையே. ஆயினும் பயனியர் தகட்டின் ஆடையற்ற உருவங்கள் கண்டனத்துக்கு உள்ளானமையால், வொயேஜர் தட்டில் ஆடையற்ற ஆண் பெண் புகைப்படத்தைச் சேர்க்க நாசா இணங்கவில்லை. நிழலுருவ வரைபடம் மட்டுமே இடம்பெற்றது. ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள வாசகனுக்கு ஆடை பற்றிய கூச்சம் இருக்க நியாயமில்லை. கூசியவன் அமெரிக்காவில் வரி செலுத்தும் வாசகனே. இத்தொகை விண்ணவரை விளித்துப் பேசினும், மண்ணவரை அஞ்சியே தொகுக்கப்பட்டது எனலாம்.

4

படத்தொகுதியை நோக்குமிடத்து அதன் பண்பு தெளிவாகின்றது. தாய் குழந்தைக்குப் பாலூட்டுகின்றாள். மாணவர் கற்கின்றனர். நடனமாது ஆடுகின்றாள். அங்காடியில் ஒரு பெண் திராட்சை உண்கின்றாள். தாஜ்மஹாலும் சீனப் பெருஞ்சுவரும் நியூட்டன் நூலின் பக்கமொன்றும் காணப்படுகின்றன. ஆனால் போர் இல்லை, வறுமை இல்லை, நோய் இல்லை, குற்றம் இல்லை. அணுகுண்டு வெடிப்பின் படம் ஒன்றைச் சேர்ப்பது பற்றி ஆராயப்பட்டு அது விலக்கப்பட்டது. சமயச் சின்னங்களும் பெரும்பாலும் தவிர்க்கப்பட்டன.

தொகுப்போர் கூறும் காரணம் புறக்கணிக்கத்தக்கதன்று. முன்பின் அறியாதவருக்குப் போரின் படத்தை அனுப்பினால் அவர் அதனை மிரட்டலாகக் கொள்ளக்கூடும். அன்றியும், நெடுந்தூரம் அனுப்பும் ஒரே கடிதத்தில் ஒருவன் தன் நற்குணங்களை எழுதுவது இயல்பு. இவ்வாதத்தை ஏற்பினும் வினா ஒன்று எஞ்சுகின்றது. இசைத்தட்டு வாழ்த்து மடலாக மட்டும் அமைந்திருப்பின் அது குறையன்று. ஆனால் அது மனித குலத்தின் பதிவாகவும் சான்றாகவும் முன்வைக்கப்பட்டது. சான்று கூறப் புகுந்தவன் தனக்குப் பாதகமானவற்றை நீக்கிக் கூறலாமா?

புறநானூற்றைத் தொகுத்த பெயரறியாப் புலவன் அவ்வாறு நீக்கவில்லை. வேந்தரின் வெற்றியோடு போரில் அழிந்த நாடும் அங்கு உண்டு. கொடையின் புகழோடு பசித்த புலவனின் வீடும், கணவனை இழந்தோரின் கைம்மைத் துயரும் உண்டு. தந்தையையும் குன்றையும் இழந்த பாரி மகளிரின் குரலையும் அவன் விட்டுவிடவில்லை. அரசரைப் போற்றும் நோக்கம் அத்தொகைக்கும் இருந்தது என்பதில் ஐயமில்லை. எனினும் போற்றுதலுக்கு இடையிலும் அழுகை கேட்கின்றது. ஈராயிரம் ஆண்டுகளின் பின் அதனைப் படிப்போர் அம்மக்களை நம்புவதற்குக் காரணம் அவ்வழுகையே.

இக்குறை இலக்கியக் குறை மாத்திரமன்று; விஞ்ஞானக் குறையுமாகும். குழுவில் இருந்த ட்ரேக் 1961இல் ஒரு சமன்பாட்டை முன்வைத்தவர். நமது பால்வீதியில் சமிக்ஞை அனுப்பவல்ல நாகரிகங்கள் எத்தனை இருக்கலாம் என மதிப்பிட அது பயன்படுகின்றது. நட்சத்திரங்கள் பிறக்கும் வீதம், கிரகங்களைக் கொண்டவற்றின் பங்கு, உயிர் தோன்றும் வாய்ப்பு எனத் தொடரும் அச்சமன்பாட்டின் இறுதிக் காரணி, அத்தகைய நாகரிகமொன்று எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதாகும். ஏனைய காரணிகள் சிலவற்றை வானியல் அளந்துவருகின்றது. இறுதிக் காரணியை அளக்கத் தொலைகாட்டி உதவாது. அணுவாயுதத்தைக் கண்டறிந்த ஓரினம் தன்னைத் தானே அழித்துக்கொள்ளாது வாழுமா என்பதே அதன் உட்பொருள். பிற உலகத்தில் இத்தட்டைக் கண்டெடுக்கும் அறிஞன் ஒருவன் முதலில் அறிய விரும்புவதும் அதுவாகவே இருத்தல் கூடும். படங்களில் அதற்கான விடையைத் தேடின் அவனுக்கு எதுவும் கிட்டாது. தாம் காலத்தைத் தப்பிப் பிழைக்க முயல்வதாகக் கார்ட்டரின் செய்தியில் வரும் ஒரு தொடரே அவ்வச்சத்தை ஒருகணம் வெளிக்காட்டுகின்றது.

5

இத்துடன் நிறுத்திவிடின் விமர்சனம் பாதியிலேயே முடிந்ததாகும். ஏனெனில் கண்ணுக்கு மறைக்கப்பட்டவை செவிக்கு மறையவில்லை. இவ்விசைத்தட்டின் உண்மையான சிறப்பு இங்குதான் உள்ளது. அச்சிறப்பு தொகுப்போர் திட்டமிட்டதன்று என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

ஒலித்தொகுதியில் குதிரை வண்டி, புகையிரதம், பேருந்து என மனிதனின் போக்குவரத்து வளர்ச்சி நிரல்பட அமைந்துள்ளது. அந்நிரலில் எப்-111 என்னும் போர் விமானம் பறந்து செல்லும் ஒலியும் சேர்ந்துள்ளது. வியட்நாம் மீது குண்டு வீசுவதற்கு அமெரிக்கா பயன்படுத்திய விமான வகை அது. தொகுப்போர் அதனை வேகத்தின் அடையாளமாகச் சேர்த்திருத்தல் வேண்டும். ஆயின் அதன் கீழே நின்று அவ்வொலியைக் கேட்ட வியட்நாமிய உழவனுக்கு அது வேறொன்றின் அடையாளம். போர் பற்றிய படம் ஒன்றேனும் இல்லாத தொகையில் போரின் குரல் இவ்வாறு புகுந்துகொண்டது.

இசையில் இது மேலும் ஆழமாகின்றது. ஸ்ராவின்ஸ்கியின் ‘வசந்தச் சடங்கு’ என்ற ஆக்கத்திலிருந்து சேர்க்கப்பட்ட பகுதி பலி நடனமாகும். தெரிந்தெடுக்கப்பட்ட கன்னி ஒருத்தி ஆடி ஆடியே உயிர்விடும் காட்சிக்குரிய இசை அது. சாவை விலக்கிய தொகையில் சாவின் தாளம் ஒலிக்கின்றது. சமயம் விலக்கப்பட்டது, ஆயின் நவஹோ மக்களின் இரவுச் சடங்குப் பாடல் உண்டு. வறுமை விலக்கப்பட்டது, ஆயின் பார்வையற்ற கறுப்பினப் பாடகர் வில்லி ஜோன்சன் 1927இல் பதிவுசெய்த இசை உண்டு. இயேசு கைதாவதற்கு முந்திய இருண்ட இரவைப் பற்றிய பழைய துதிப்பாடலின் தலைப்பையே அது கொண்டுள்ளது. அதிலே சொற்கள் இல்லை. கித்தார் ஒலியோடு இழையும் முனகல் மட்டுமே உண்டு. அவர் 1945இல் வறுமையிலேயே மாண்டார். வறுமையைப் பற்றிய எந்தப் புகைப்படமும் அம்முனகல் கூறுவதைக் கூறியிருக்க மாட்டாது.

கேசர்பாய் கேர்க்கர் பாடிய பைரவியையும் இவ்வகையிலேயே நோக்க வேண்டும். தனியே செல்பவரை விளித்து எங்கே போகின்றீர் என வினவும் அப்பாடல், திரும்பி வராத கலத்தில் ஏறிச் சென்றது. வொயேஜர் ஒன்று ஏவப்பட்டுப் பதினொரு நாட்களின் பின், செப்டெம்பர் 16ஆம் திகதி, அவர் காலமானார்.

கலைக்கு இத்தகைய ஓர் இயல்பு உண்டு. படத்தைத் தெரிந்தெடுப்பவன் எதனைக் காட்டுவது எனத் தீர்மானிக்கலாம். இசையைத் தெரிந்தெடுப்பவன் அதனுள் உறைந்த வாழ்வைப் பிரித்தெடுக்க இயலாது. பாடியவனின் பசியும் அடிமைப்பட்ட வரலாறும் வழிபாடும் சேர்ந்தே வருகின்றன. சிறந்த இசை எது என்று மட்டுமே குழுவினர் தேடினர். அத்தேடல் அவர்கள் மறைக்க விரும்பியவற்றையே அவர்களது கையில் கொண்டுவந்து சேர்த்தது.

ஏவுகலமும் இதற்குச் சான்று பகரும். வொயேஜர் கலங்களைச் சுமந்தெழுந்த ரைற்றன் வகை றொக்கற்றின் முன்னோடி, அணுகுண்டைச் சுமந்து கண்டம் விட்டுக் கண்டம் பாய்வதற்கென அமைக்கப்பட்ட ஏவுகணையாகும். சமாதானச் செய்தி சென்றது போரின் தோளில் ஏறியே. மனிதகுலத்தின் சார்பாக வாழ்த்துரைத்த வால்தைம், இரண்டாம் உலகப் போரின்போது பால்கன் பகுதியில் ஜேர்மன் படை அதிகாரியாகப் பணியாற்றியதை மறைத்திருந்தமை 1986இல் வெளிப்பட்டது. தொகுப்போர் இதனை அன்று அறிந்திருக்க நியாயமில்லை. ஆயினும் போரை மறைத்த தொகைக்குப் போரை மறைத்தவர் ஒருவரே முன்னுரை கூறினார் என்பது வரலாறு செய்த விமர்சனமாகும்.

6

மொழிகளின் தெரிவு தனித்து நோக்கத்தக்கது. வாழ்த்துரை கூறும் 55 மொழிகளில் சுமேரியம், அக்காடியம், ஹிற்றைற் போன்ற வழக்கிறந்த மொழிகளும் உள. தென்னாசியாவைச் சேர்ந்த மொழிகள் பன்னிரண்டு: ஹிந்தி, உருது, வங்காளம், பஞ்சாபி, குஜராத்தி, மராத்தி, ராஜஸ்தானி, ஒரியா, நேபாளி, தெலுங்கு, கன்னடம், சிங்களம். தமிழ் இல்லை, மலையாளமும் இல்லை. கிழக்கு ஆபிரிக்காவின் பொதுமொழியாகிய சுவாஹிலியும் இல்லை.

தமிழ் வாசகர் இதனை அறிந்ததும் மனம் நோவது இயல்பு. ஆனால் இதனைத் திட்டமிட்ட புறக்கணிப்பாகக் கொள்வது தவறான வாசிப்பாகும். காலம் குறுகியது. வாழ்த்துரைத்தோரிற் பெரும்பாலோர் கோர்ணெல் பல்கலைக்கழகச் சூழலில் கிடைக்கப்பெற்றவர்கள். சுருக்கமாக வாழ்த்துக என்பதற்கு மேல் அவர்களுக்கு அறிவுறுத்தலும் இல்லை. பகைமையினால் விடுபட்டிருப்பின் பகைமையைச் சுட்டி அமையலாம். இங்கு விடுபட்டது அண்மையின்மையால். ‘மனிதகுலம்’ எனப் பெயரிடப்பட்டது ஒரு பல்கலைக்கழக நகரின் தொலைபேசிக்கு எட்டிய மனிதகுலமே. ஒரு மொழி தொகையில் இடம்பெறத் தொன்மையோ பேசுவோர் தொகையோ மட்டும் போதாது; தொகுப்போன் அருகில் அதற்கு ஒரு வாயும் வேண்டும். 27 இசை உருப்படிகளில் எட்டு ஐரோப்பியச் செவ்வியல் மரபைச் சார்ந்தவை என்பதும், அவற்றுள் பாஹ் ஒருவருக்கே மூன்று வாய்த்தன என்பதும் இதனையே உறுதிப்படுத்தும்.

இவ்வளவுகோலைப் பிறர் தொகைக்கு மட்டும் பயன்படுத்துதல் முறையன்று. தமிழின் தொகைகளையும் அதே வினா தொடரும். புலவரின் செய்யுள் ஏடேறிய காலத்தில் உழவர் பாட்டும் மீனவர் பாட்டும் ஏடேறவில்லை. தோட்டத் தொழிலாளர் இந்நாட்டின் மலைகளில் தலைமுறை தலைமுறையாகப் பாடியவை, சி.வி. வேலுப்பிள்ளை போன்றோர் திரட்டும்வரை எவருடைய தொகையிலும் சேரவில்லை. அப்பாடல்கள் இல்லாதிருக்கவில்லை; கேட்க வேண்டியவர் அருகில் இருக்கவில்லை. விண்வெளித் தட்டில் தமிழ் இல்லையே என வருந்துவோர், தமிழ்த் தொகையில் யார் இல்லை என்றும் வினவக் கடமைப்பட்டோர்.

7

வொயேஜர் இசைத்தட்டின் பெறுமதியை இவற்றின் அடிப்படையில் மதிப்பிடலாம். உலக மக்கள் அனைவரையும் ஒரு தொகையில் சேர்க்க முயன்ற எண்ணம் உயர்ந்தது. பனிப்போர்க் காலத்தில், நாடு என்ற எல்லையைக் கடந்து பூமி என்ற ஊரின் பெயரால் பேச முற்பட்டமை சிறு செயலன்று. பிக்மி சிறுமியரின் பாடலும் பீதோவனின் இசையும் ஒரே தட்டில் சமமாக அமர்வது பண்பாட்டு வரலாற்றில் அரிய நிகழ்வு. ஆயின் காயமற்ற மனிதனைக் காட்ட முயன்ற இடங்களில் அத்தொகை வலுவிழக்கின்றது. காயம் தன்னையறியாது வெளிப்பட்ட இடங்களில் உயிர் பெறுகின்றது.

வொயேஜர் ஒன்று 2012இலும் வொயேஜர் இரண்டு 2018இலும் சூரியக் காற்றின் எல்லையைக் கடந்து நட்சத்திரங்களுக்கு இடைப்பட்ட வெளியை அடைந்தன. அத்தட்டுகளில் இனித் திருத்தம் செய்ய இயலாது. ஆனால் இத்தகைய செய்திகள் இனியும் எழுதப்படும். புறக்கிரகமொன்றின் வளிமண்டலத்தில் உயிரின் சுவடு தென்படுமாயின், என்ன சொல்வது என்ற வினா மீண்டும் எழும். அன்று குழுவில் விஞ்ஞானிகளோடு யார் அமர்வார், எந்த மொழியினர் அழைக்கப்படுவர், எந்தத் துயரம் சொல்லத்தக்கதாகக் கொள்ளப்படும் என்பன வானியலுக்குரிய வினாக்கள் அல்ல. அவை தொகுப்போரின் நேர்மைக்கும் அவர்களைக் கேள்வி கேட்கும் வாசகரின் விழிப்புக்கும் உரியவை.